சொட்டைக்கு ரெண்டு மார்க்

"சொட்டைக்கு ரெண்டு. அதுக்கு மேல கால் மார்க்குகூடக் கிடையாது."

அப்பா இப்படிச் சொல்லிக் கரும்பலகையில் எழுதியதும், வாசலில் ஒரு அம்பாசிடர் கார் வந்து நின்றதும் ஒரே நேரத்தில் நடந்தன. சாக்பீஸும் கையுமாக அப்பா திரும்பினார். நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். தலைகூட வாரவில்லை. பக்கத்தில் கேபிள் மணி அண்ணன், வாய் நிறைய வெள்ளைப் பணியாரத்துடன். விருந்தாளிகளுக்கு என்று அம்மா சுட்டு வைத்திருந்த பணியாரம் அது.

அடுக்களையிலிருந்து ஓடி வந்த அம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"மாதாவே, வந்துட்டாக. நாலு மணிக்குல்ல வாரோம்னாக?"

என்னைப் பெண் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். தேவகோட்டைக்காரர்கள். மணி மூன்றுகூட ஆகவில்லை. காலையில் கண்ட தோல்வியின் எரிச்சல் எங்கள் மூவரின் முகத்திலும் அப்படியே இருந்தது.

போன வாரம் இந்தப் பத்தியில் டைப்ரைட்டிங் வகுப்பைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய தோழி ஒருத்தி போன் செய்தாள். "எல்லாத்தையும் எழுதுற, அந்தக் கரும்பலகைக் கதையை மட்டும் ஏன் ஒளிக்கிற?" என்று கேட்டாள். ஒளிக்கவில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருந்தேன், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் தொடங்க வேண்டிய கதை அது.

மாதா கொடியின் நிறம்

தொண்ணூறுகளில் காரைக்குடிக்குக் கேபிள் டிவி வந்த புதிது. எங்கள் பகுதிக்கு மணி அண்ணன்தான் ஆபரேட்டர். அவர் வீட்டு மாடியில் குடை போல விரிந்த டிஷ் ஆன்டெனா. அங்கிருந்து வயர் பெரிய வீடுகளின் மொட்டை மாடிகளைத் தாண்டித் தெருத்தெருவாகப் போகும். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்ததால் அனுமதி கேட்கும் வேலையும் அவருக்குப் பாதிதான்.

அந்தக் காலத்தில் எதைப் போட்டாலும் பார்த்தோம். பனிச்சறுக்கு பார்த்தோம். லாரிகள் சேற்றில் பந்தயம் ஓடுவதைப் பார்த்தோம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து டிவியைப் போட்டால், கையில்லாத பனியன் போட்ட ஒரு கூட்டம் முட்டை வடிவப் பந்துக்காக ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாக்காரர்கள் ஆடும் கால்பந்து அது.

மைதானமும் முட்டை வடிவம். இரண்டு பக்கமும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்குள் உதைத்தால் ஆறு பாயிண்ட். அது தவறி ஓரத்துக் கம்பங்களுக்குள் போனாலோ, நடுக்கம்பத்தில் பட்டாலோ ஒரு பாயிண்ட். கம்பத்தடியில் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக ஒருவர் நின்று கொடி ஆட்டுவார். அவர் டாக்டர் என்று அம்மா கடைசி வரை நம்பினாள். அந்த அடிதடிக்கு டாக்டர் பக்கத்திலேயே நிற்பது நியாயம்தான் என்பாள்.

எங்கள் அணியைத் தேர்ந்தெடுத்தது அப்பா. அதற்கு ஆட்டத்தைப் பார்க்க வேண்டிய அவசியம்கூட அவருக்கு இருக்கவில்லை. பனியனில் நீலமும் வெள்ளையும். திருவிழாவில் ஏற்றுகிற மாதா கொடியின் நிறம். "இது நம்ம கட்சி" என்று சொல்லிவிட்டார். எதிரே யார் வந்தாலும் அன்றிலிருந்து எங்களுக்கு விரோதிதான்.

என்ன ஒரு மார்க்

அப்பா கணக்கு வாத்தியார். ஊரில் ஞானப்பிரகாசம் சார் என்றால் போதும். எங்கள் முன்னறைதான் அவருடைய ட்யூஷன் வகுப்பு. சுவரை அடைத்து ஒரு கரும்பலகை. ஆட்டத்துக்கும் பலகைக்கும் முடிச்சுப் போட்டது அந்த வர்ணனையாளர்தான்.

ஒருவன் எம்பிப் பந்தைப் பிடித்ததும் அந்த ஆள் தொண்டை கிழியக் கத்துவார்: "மார்க்! வாட் எ மார்க்!"

வாத்தியார் வீட்டில் இந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்லா ஆடுனா அங்கனயே மார்க்குப் போட்டுடுறான் பாரு. நம்ம ஊர்ல பரீட்சை எழுதிட்டு ரெண்டு மாசம் காத்துக் கிடக்கணும்."

ஆனால் இரண்டே வாரத்தில் அவருக்கு அந்த வர்ணனையாளர்மேல் குறை வந்துவிட்டது. "மார்க், மார்க்னு கத்துறானே ஒழிய, எத்தனைன்னு சொல்ல மாட்டேங்கிறானே. பத்துக்கா, நூத்துக்கா? அதுலயும் புடிக்கிறவனுக்குத்தான் போடுறான். ஓடுறவன் என்ன பாவம் செஞ்சான்?"

அதனால் அந்தப் பொறுப்பை அப்பாவே ஏற்றுக்கொண்டார். ஆட்டம் முடிந்ததும் பத்துக்கு மார்க். மதிப்பீட்டுக் குழுவில் மூன்று பேர். அப்பா கஞ்சன். நான் சண்டைக்காரி. மணி அண்ணன் எல்லாருக்கும் அஞ்சு போடுவார், யாரையும் பகைத்துக்கொள்ளாத தொழில் அவருடையது. மூன்று பேரும் ஒத்துக்கொண்டால்தான் எண் பலகைக்கு ஏறும். பக்கத்தில் அப்பா ஒரு வரி குறிப்பும் எழுதுவார், முன்னேற்ற அறிக்கையில் எழுதுவது போல.

வெள்ளைக்காரர்களின் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. நாங்களே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டோம். நெடுநெடுவென்று இருந்தவர் பனைமரம். முறைத்துக்கொண்டே திரிந்தவர் சண்டியர். பந்தைச் சரியான ஆளிடம் சேர்க்கிறவர் தபால்காரர், அவர் என்னுடைய செல்லம். தலையில் முடியில்லாமல், ஆனால் கோல் அடிப்பதில் கெட்டிக்காரராக இருந்தவர் சொட்டை.

அப்பாவுக்கும் எனக்கும் நடக்கிற மார்க் சண்டை தெருக்கோடி வரை கேட்கும். எனக்கு அந்த ஒரு மணி நேரத்துக்காகவே வாரம் முழுவதும் காத்திருக்கலாம் என்று இருக்கும்.

அம்மா வாங்கிய சத்தியம்

அந்தத் தொண்டைதான் என் பிரச்சினையே.

எனக்குச் சின்னக் குரலில் பேச வராது. ரகசியம் சொன்னாலே பக்கத்து வீட்டில் பதில் வரும். அதுவரை என்னைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் நகையைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ குறை சொல்லவில்லை. "பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா சத்தம் சாஸ்தி" என்று தரகரிடம் சொல்லி அனுப்புவார்கள். நேமத்தான்பட்டியிலிருந்து வந்த ஒரு குடும்பம் காப்பி குடித்து முடிக்கும் முன்பே முடிவு செய்துவிட்டது. எம்.ஜி. ரோடு ஒரு நடிகர் பேரில் இருக்கிறது என்றார் மாப்பிள்ளை, மகாத்மா காந்தி ரோடு என்று நான் திருத்தினேன். குற்றம் அவ்வளவுதான்.

அந்த மாதிரி நாள்களில் அம்மா என்னைத் திட்டமாட்டாள். மாதா படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. வெளியே வீராப்பாகத் திரிந்தாலும், என் குரலோடு என்னை ஏற்றுக்கொள்ள யாருமே இல்லையோ என்று உள்ளுக்குள் பயம் வந்திருந்தது.

தேவகோட்டை வரன் வந்தபோது அம்மா என் கையில் ஜெபமாலையைக் கொடுத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"பையன் பத்திர ஆபீஸ்ல கிளார்க்கு. தகப்பன் இல்ல. அமைதியான குடும்பமாம். அவுக காருல ஏறிப் போற வரைக்கும் நீ வாயத் தொறக்கப்படாது. கேட்டாத் தலைய மட்டும் ஆட்டு."

சத்தியம் செய்தேன். மனதார.

கம்பத்தில் பட்ட பந்து

அந்த ஞாயிறு காலை ஆட்டம் சாதாரண ஆட்டம் இல்லை. ஜெயித்தால் இறுதிப் போட்டி. எதிரே சிவப்புப் பனியன்காரர்கள். அதே நேரத்தில் தெரு முழுக்கத் தமிழ்ப்படம் போடச் சொல்லிக் கேட்டது. மணி அண்ணன் "சிக்னல் இல்ல" என்று சொல்லி எல்லார் வாயையும் அடைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்.

முழுநேரமும் மாறி மாறி முன்னும் பின்னுமாக ஓடியது ஆட்டம். கடைசி நிமிடம். நாங்கள் நான்கு பாயிண்ட் பின்னால். தபால்காரர் ஓடி வந்து ஒரு பந்தை உயரத் தூக்கி உதைத்தார். மூன்று சிவப்புகளுக்கு நடுவிலிருந்து எழும்பி, சொட்டை அதைப் பிடித்தார். கம்பத்துக்கு நேர் எதிரே. முடிவுச் சங்கும் ஊதிவிட்டது. ஆனாலும் பிடித்தவர் ஒரு முறை உதைத்துக்கொள்ளலாம் என்பது விதி. ஆறு பாயிண்ட் கிடைத்தால் ஜெயம்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். மணி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அம்மாகூடக் கரண்டியோடு வந்து நின்றாள்.

சொட்டை உதைத்தார். பந்து வளைந்து வளைந்து போய் வலது கம்பத்தில் டங்கென்று பட்டது. ஒரே ஒரு பாயிண்ட்.

"அந்த டாக்டர் ஒண்ணுஞ் செய்ய முடியாதா?" என்று அம்மா கேட்டாள்.

மத்தியானம் யாருக்கும் சோறு இறங்கவில்லை. "விருந்தாளுக வாராக, பலகைய அழிங்க" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். மதிப்பீடு முடியாமல் அழிக்கக் கூடாது என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். கோபத்தில் மார்க்குகள் அதலபாதாளத்துக்குப் போயின. சொட்டைக்கு வந்தபோதுதான் கார் வந்தது.

இம்புட்டுப் பேரா?

நான் ஒரே ஓட்டமாக உள்ளே ஓடினேன். அம்மா என் தலையில் சீப்பைப் போட்டு இழுத்தாள். கதவிடுக்கு வழியாக எனக்கு முன்னறை முழுவதும் தெரிந்தது.

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். மாப்பிள்ளையை எட்டிப் பார்த்தேன். பெயர் சேவியர் என்று தெரியும். முப்பது வயது என்றும் தெரியும். அவர் நெற்றி உச்சந்தலை வரை போகும் என்று யாரும் சொல்லவில்லை.

அப்பா பலகையை மறைத்து நிற்கப் பார்த்தார். அவர் உடம்புக்கு மறைக்க முடிந்தது ஒரு வரிதான். தாய்மாமன் பேச்சைத் தொடங்க வேண்டுமே என்று மணி அண்ணனைப் பார்த்து, "நீங்க பொண்ணுக்கு என்ன முறை?" என்றார்.

"நான் கேபிளுங்க" என்றார் மணி அண்ணன்.

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மாவுடைய கண் பலகைக்குப் போய்விட்டது. எழுத்துக் கூட்டி நிதானமாக, வாய்விட்டே படித்தார்.

"பனைமரம், நாலு. உயரம் மட்டும்தான். சண்டியர், மூணு. முன்கோபி, குடும்பத்துக்கு ஆகாது."

அணியைக் குடும்பம் என்று சொல்வது அப்பாவின் வழக்கம். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"இதெல்லாம் யாரு சார்?" என்று அந்த அம்மா கேட்டார்.

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. "இன்னைக்குக் காலையில பாத்தவங்க" என்றார்.

"ஒரு நாள்லயா? இம்புட்டுப் பேரா?"

"எந்த ஊருக்காரக எல்லாரும்?" என்றார் தாய்மாமன்.

"ஆஸ்திரேலியா."

"அம்புட்டுத் தொலவுல இருந்தா வந்து பாத்துட்டுப் போறாக?"

எனக்கு இங்கே சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அப்பா விளக்கம் சொல்ல வாயெடுத்து நகர்ந்தார். நகர்ந்ததில் கடைசி வரி தெரிந்துவிட்டது. சொட்டை, இரண்டு. அந்த அம்மா அதைப் படித்தார். பிறகு தன் மகனின் தலையைப் பார்த்தார்.

"வாரதுக்கு முன்னாலயே எம்புள்ளைக்கு ரெண்டு மார்க்குப் போட்டு வச்சுட்டீகளா சார்?" என்றார். "முடி கொட்டுனதுக்கு அவன் என்ன செய்வான்? இதச் சொல்லியே முன்ன ரெண்டு எடத்துல வேண்டாம்னாக. நீங்க எழுதியே வச்சுட்டீகளே. வாடா, போவோம்."

அவர் எழுந்துவிட்டார். அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சத்தம் என்று என்னை ஒதுக்கியதும், சொட்டை என்று மாப்பிள்ளையை ஒதுக்கியதும் ஒரே கூட்டம்தான் என்று தோன்றியது.

கறுப்பா, சிவப்பா?

மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவர் விழுந்து விழுந்து சிரிக்கத் தொடங்கினார்.

"உக்காருங்கம்மா. இது நான் இல்ல. சார், கம்பத்துல அடிச்சாரே, அவருதான இது?"

அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "நீங்களும் பாத்தீங்களா?"

"பாக்காம? நாங்கதான சார் ஜெயிச்சோம்."

மலர்ந்த முகம் அப்படியே சுருங்கியது. மணி அண்ணன் பணியாரத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மாப்பிள்ளை அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. ஜெயித்த சந்தோஷத்தைக் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்திருக்கிறார் மனிதர்.

"ஆனா ரெண்டு ரொம்பக் கம்மி சார். ஆறாவது குடுக்கணும். அந்தப் பந்தைப் புடிச்சதே பெரிய காரியம். மத்தபடி உங்க கூட்டத்துல ஆளே கிடையாது. எங்க கறுப்புப் பனியன்காரக ஓடுன ஓட்டத்துக்கு..."

ஆறு என்றபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆளே கிடையாது என்றபோது தபால்காரர் கண்முன் வந்தார். அப்புறம் கறுப்பு என்றாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அம்மாவின் கையை உதறிவிட்டு வெளியே வந்துவிட்டேன். காப்பித் தட்டோடு வந்தேன் என்பது மட்டும் உண்மை.

"எந்தக் கறுப்பு? உங்க ஆளுக போட்டிருந்தது சிவப்பு."

மாப்பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தார். "சிவப்பா?"

"நல்ல செக்கச் சிவப்பு. எந்தக் கட்சின்னே தெரியாம ஜெயிச்சோம்னு சொல்றீக?"

அவர் தன் அம்மாவைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எங்க வீட்டு டிவி கறுப்பு வெள்ளைங்க" என்றார். "இத்தன நாளும் கறுப்புன்னே நெனச்சுட்டேன்."

அவரே மறுபடி சிரித்தார். என்னாலும் அடக்க முடியவில்லை. ஆனால் மார்க்கை விட்டுக்கொடுக்க இரண்டு பேரும் தயாராக இல்லை.

"தப்பா அடிச்சாலும் ஒண்ணு குடுக்குற ஆட்டம்ங்க இது" என்றார், எழுந்து நின்று. "கிட்ட வந்ததுக்கு ஒரு மரியாதை. நீங்க அதுகூடக் குடுக்க மாட்டேங்கிறீகளே."

"அவுக குடுத்த ஒண்ணுக்கு மேல நாங்க ஒண்ணு சேத்து ரெண்டாப் போட்டிருக்கோம். தாராளம்தான்."

தாய்மாமன் தொடையில் தட்டிச் சிரித்தார். காப்பி ஆறியது. காற்று எந்தப் பக்கம் அடித்தது, எந்தக் காலால் உதைத்திருக்க வேண்டும், தபால்காரர் இல்லாவிட்டால் பந்தே வந்திருக்குமா என்று கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டோம். நடுநடுவே அப்பா எனக்கு எடுத்துக் கொடுத்தார். அப்போதுதான் மாப்பிள்ளை அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீக சார். அந்த ஆளு மார்க், மார்க்னு கத்துறாரே, அது நம்ம மார்க் இல்ல. பந்தைக் கையில புடிச்சா, அதுக்குப் பேருதான் மார்க்காம். எங்க தெருவுக்கு ஆஸ்திரேலியாவுல இருந்து லீவுக்கு வந்தவரு சொன்னாரு. அது வரைக்கும் நானும் பரீட்சை மார்க்குன்னுதான் நெனச்சிருந்தேன்."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப அவன் யாருக்கும் மார்க்கே போடலையா?"

அந்தக் கேள்வியில் இருந்த ஏமாற்றம் எனக்குச் சுருக்கென்றது. "அவன் போடாட்டி என்னப்பா? அதான் நாம போடுறோம்ல" என்றேன்.

"அதுஞ் சரிதான்" என்றார் மாப்பிள்ளை உடனே. "யாராச்சும் போடணும்ல சார்."

அப்போதுதான் கவனித்தேன். அந்த அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் சத்தியம் ஞாபகத்துக்கு வந்தது. இதுவும் போயிற்று என்று நினைத்தேன்.

"ஏண்டா, நிண்டு பேசிக்கிட்டே இருக்கியே" என்றார் மகனிடம். "வந்த வேலையச் சொல்லு. பொண்ணப் புடிச்சிருக்கா, இல்லையா?"

"இருந்திருந்து இப்பத்தான புடிச்சா மார்க்குன்னு சொன்னான்" என்றார் தாய்மாமன். "மூஞ்சியப் பாத்தாத் தெரியலையா?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"எங்க வீட்டுல சத்தமே கிடையாதும்மா" என்றார் என்னிடம். "இவுக அப்பா போனதுல இருந்து இவன் வருவான், சாப்புடுவான், டிவியப் பாத்துட்டுப் படுத்துருவான். கேட்டா 'ம்'னு மட்டும் சொல்லுவான். இவன் இம்புட்டுப் பேசி, சிரிச்சு, நான் பாத்து எத்தனையோ நாளாச்சு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவன் கெடக்கான். நீ சொல்லுத்தா. ஒனக்கு எம்புள்ளையப் புடிச்சிருக்கா?"

அதுவரை என்னை வந்து பார்த்துப் போன எவரும் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. அப்பாவைக் கேட்பார்கள். தரகரைக் கேட்பார்கள். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காது சிவந்திருந்தது.

அடுக்களை வாசலில் அம்மா உள்ளங்கையைக் கீழ்நோக்கி ஆட்டி ஆட்டிச் சைகை காட்டினாள். மெதுவா, மெதுவா.

"புடிச்சிருக்கு" என்றேன், என் குரலில்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.